ஐந்து கிராம் கை: கிரேனியோசேக்ரல் சிகிச்சை பற்றி

மன்னார்குடி நண்பர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு அடிக்கடி தலைவலி, தூக்கமும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கிரேனியோசேக்ரல் செய்கிறார்களாம். கூட்டிக்கொண்டு போகலாமா?" போகலாம். தலை, கழுத்து, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றில் மிக மெல்லக் கை வைத்துச் செய்யும் சிகிச்சை இது. ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

இதில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு: அழுத்தம். விதிப்படி 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டித் தண்ணீரின் எடை. வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் ஒரு விரலை வைத்து 5 காட்டும்வரை இறக்கிப் பாருங்கள். தொட்டோமா என்றே சந்தேகம் வரும். நம் பக்கம் அந்தக் கை கிடைப்பது அரிது. எண்ணெய் தேய்த்து, நீவி, சுளுக்கெடுத்துப் பழகிய கைகள்தான் சில நாள் பயிற்சியோடு இதற்கு வருகின்றன. பத்து நிமிடம் பொறுமையாக இருக்கும். அப்புறம் கட்டைவிரல் தானாகப் பிடரியில் இறங்கும். படுத்திருப்பவரும் "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்பார். அழுத்தியதும் தசை எதிர்த்து இறுகிக்கொள்ளும். அன்றைய சிட்டிங் அதோடு போச்சு.

சரியான கையில் கிடைத்தால் பிடரிப் பிடி ஒன்றே போதும். மல்லாந்து படுத்ததும், மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே விரல் நுனிகளை நிமிர்த்தி வைத்துத் தலையை அவற்றின்மேல் விடுவார்கள். இங்கே பாரம் தலையுடையது; கை தள்ளுவதே இல்லை. சில நிமிடம் காத்திருந்தால் பிடரி இளகி, தலை மெல்ல உள்ளங்கைக்குள் இறங்கும். தாடை தளர்ந்து வாய் லேசாகத் திறக்கும். அந்தச் சுகத்தை வேறெந்த மசாஜும் தந்ததில்லை. முழங்காலுக்கடியில் தலையணை கொடுத்து, முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்பின் கீழ் கை வைப்பதும் இதமே.

சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் கை கழுத்தில் ஒட்டும். மெல்லிய பருத்தித் துண்டு கொண்டுபோங்கள். நெற்றிக்கு நேராக ஃபேன் ஓடினால் கழுத்து தளராது, மேசையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கொண்டையும் கிளிப்பும் கூடாது, பின்னலைப் பக்கவாட்டில் விடலாம். சாப்பிட்ட உடனே போகாதீர்கள்.

அவர்கள் சொல்லும் காரணத்தை மட்டும் நம்ப முடியவில்லை. மண்டையோட்டு எலும்புகள் அசைகின்றன என்றவர் சதர்லேண்ட் என்ற அமெரிக்க ஆஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்யும் முறை) மருத்துவர். அதை 1970களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த அப்லெட்ஜர் இந்தச் சிகிச்சையாக வளர்த்தார். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரின் தாளம் நிமிடத்துக்கு 6 முதல் 12 வரை கையில் தெரியும் என்பது வாதம். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரே ஆளைத் தொட்டு எண்ணிய சிகிச்சையாளர்களின் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எனவே "உங்கள் தாளம் தடைபட்டிருக்கிறது, பத்து சிட்டிங் வேண்டும்" என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இது ஓய்வு தரும்; ஆனால் நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

தலையில் அண்மையில் அடிபட்டவர்கள், மூளையில் ரத்தக்கசிவு அல்லது ரத்தநாள வீக்கம் உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது. தலைவலி திடீரெனக் கடுமையானாலோ, வாந்தியோ பார்வை மங்கலோ சேர்ந்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு புகழ்ந்தும், இன்று கேட்கிற கட்டணத்துக்கு அம்மாவை அனுப்பச் சொல்ல மனம் வரவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஆபத்தில்லை என்றால் இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் ஒட்டினாற்போல் போட்டு இறுக முடிச்சிடுங்கள். காது மட்டத்தில், பின்மண்டைக்கடியில் வைத்துப் பத்து நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். கழுத்தெலும்புக்கு இறங்கினால் வலிக்கும், மேலே ஏற்றிக்கொள்ளட்டும்.