சீலிங் ஃபேன் இல்லாத வீட்டில் தண்ணீர் கூலர்

கோத்தகிரி நண்பன் போன வாரம் போன் செய்தான். "மச்சான், நீ வெச்சிருக்கிற சின்ன கம்ப்யூட்டர் கேபினெட் விலை இறங்கியிருக்கு. வாங்கட்டுமா? 280 ரேடியேட்டர் உள்ளே போகுமா?" போகும் என்று சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் மூன்றாவது முறையாக அதைக் கழற்றி மாட்டியிருந்தேன். விரலில் காயம் வேறு. நல்ல வார்த்தை வாயில் வரவில்லை.

தண்ணீர் கூலர் என்றால், பிராசசரின் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீரை ஒரு குட்டி பம்ப் டியூப் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளும், அங்கே ஃபேன் காற்றில் அது ஆறித் திரும்பும். முதலில் அந்த 280. அது ரேடியேட்டரின் நீளம் இல்லை, இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன்களின் கணக்கு. இரண்டு முனைகளிலும் தண்ணீர் தேங்கித் திரும்பும் பகுதியையும் சேர்த்தால் 315-க்குப் பக்கத்தில் வந்துவிடும். தடிமன் 27, ஃபேன் 25, ஆக 52. என்னுடைய 18 லிட்டர் கேபினெட்டில் இது பொருந்தியது, பொய் சொல்லக்கூடாது. மேட்டுப்பாளையம் கடைசி பஸ்ஸில் படிக்கட்டுக்காரர் பொருந்துவதுபோல. டியூப் இரண்டும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மேல் சாய்ந்துகொண்டு நிற்கின்றன. ரேம் மாற்ற வேண்டுமென்றால்கூட ரேடியேட்டரைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், டார்ச் அடிக்க அம்மாவைக் கூப்பிட வேண்டும். இரண்டு 120 ஃபேன் கொண்ட 240 வாங்கியிருந்தால் 277-க்குள் முடிந்திருக்கும். ஆனால் ஃபேன் மூடும் பரப்பு 280-ல் 36 சதவீதம் அதிகம். அந்தக் கணக்கில்தான் விழுந்தேன்.

குன்னூரில் தண்ணீர் கூலர் எதற்கு, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்டாயிற்று. என் தொழிலான கல்யாண வீடியோவை எடிட் செய்து கடைசியில் ஒரே வீடியோவாக்க ரெண்டர் போட்டால் நான்கு மணி நேரம் பிராசசர் மூச்சு விடாது. தவிர, 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் சூடு குறையும். குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது என்பது வேறு விஷயம். பழைய கூலரில் 95 டிகிரியைத் தொட்ட பிராசசர் இதில் 70-ஐத் தாண்டியதே இல்லை. பனிமூட்டத்தில் உள்ளே ஈரம் கோக்கும் என்று பயமுறுத்தினார்கள். இந்த வகைக் கூலர் தண்ணீரை அறையின் குளிருக்குக் கீழே கொண்டுபோகாது, அதனால் வியர்க்காது. மூன்று வருடத்தில் துருப்பிடித்தது இரண்டு ஸ்க்ரூ. வெளியே வரும் வெதுவெதுப்பான காற்றில் மழைக்காலம் முழுக்க அம்மா சாக்ஸும் மங்கி குல்லாவும் காயப்போடுகிறார். பெட்டிமேல் போடாதீர்கள், பின்னால் போடுங்கள் என்பது மட்டும்தான் என் நிபந்தனை.

இவ்வளவு நல்லது சொன்னேன் இல்லையா, இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

களகள, களகள. யாரோ பக்கத்து அறையில் வாய் கொப்பளிப்பதுபோல. இந்தக் கூலர் முழுதும் மூடியது, தண்ணீர் ஊற்ற வழியில்லை. ஆனால் ரப்பர் டியூப் வழியாக வருடக்கணக்கில் துளித்துளியாக ஆவி கசிகிறது. குறைந்த இடத்தில் காற்று. காற்று எப்போதும் உச்சிக்குத்தான் போகும். உச்சியில் ரேடியேட்டர் இருந்தால் தொல்லை இல்லை. என் கேபினெட்டில் அது பக்கவாட்டில் இருக்கிறது, மேல்விளிம்பு பம்பைவிட ஒரு விரல்தான் உயரம். இதில் நான் சின்ன கேபினெட் வாங்கியதே கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் தூக்கிக்கொண்டு போகத்தான். மடியில் வைத்துக்கொண்டு 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால், ரேடியேட்டரில் சும்மா கிடந்த காற்று பம்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மலைக்குக் கீழே ஸ்டூடியோவில் சீலிங் ஃபேன் ஓடும், ஒன்றும் கேட்காது. எங்கள் வீட்டில் சீலிங் ஃபேனே கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் அம்மாவின் கட்டில் வரை போகிறது. குழாயை மூடுடா என்று இரண்டு முறை எழுந்து வந்திருக்கிறார்.

கோயம்புத்தூர் கடை ஒன்றில் பம்ப் போய்விட்டது, மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். பம்ப் ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஓடவிட்டபடியே பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்தால், பால் குடித்த குழந்தை ஏப்பம் விடுவதுபோல ஒரு 'களக்', அத்தோடு அமைதி. போன வாரம் செய்த ரிப்பேர், பிராக்கெட்டின் அடுத்த துளைக்கு ரேடியேட்டரை ஏற்றியது. மேலே இருந்த ஒரு ஃபேனைத் தியாகம் செய்ய வேண்டியதாயிற்று. சத்தம் முக்கால்வாசி போனது. மிச்சக் கால்வாசிதான் எரிச்சல்.

வாங்காதே என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். ரேடியேட்டர் உச்சியில் உட்காரும் பெட்டியாகப் பார், கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்குவதற்கு முன் ஸ்கேலை வைத்து 315-ஐ அளந்து பார் என்றேன். "அப்போ உன்னோடதை எனக்குக் கொடுத்துடு, பாதி விலை தரேன்" என்றான்.

சனிக்கிழமை திருப்பூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அது முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த மாதமும் ஒன்று இருக்கிறது.