காரவன் சுவர் ஊதினால்: ஊசியா, உரிப்பா, உள்வெட்டா?

யாழ்ப்பாணத்தில் காரவனோ கேம்பர் வானோ வைத்திருப்பவர்கள் குறைவு. சுவர் ஊதிவிட்டால் யாரிடம் போவது என்று யோசிக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது குருநகர்ப் பக்கம் பைபர் படகு திருத்துபவர்கள்தான். நல்ல கைகாரர்கள், சந்தேகமில்லை. ஆனால் காரவன் சுவரின் உள்ளமைப்பு படகினுடையது அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் வேலையைக் கொடுத்தால் சுவரை முழுதாக இழக்க நேரும்.

வெளியே ஓரிரு மில்லிமீற்றர் பைபர் தோல். அதன் பின்னே ஏறக்குறைய 3 மி.மீ. பிளைவுட், நடுவில் அலுமினியச் சட்டமோ மரச் சட்டமோ, சட்டங்களுக்கிடையே ரெஜிபோம், உட்புறம் மறுபடி பிளைவுட். பெரும்பாலும் பசைதான் இவ்வளவையும் பிடித்து வைத்திருக்கிறது. யன்னல் விளிம்பாலும் கூரை மூட்டாலும் இறங்கும் மழைத் தண்ணீரைப் பிளைவுட் குடிக்கிறது, பசை விடுகிறது, வெயிலில் தோல் விரிந்து வெளியே உப்புகிறது. (ஹையேஸ் போன்ற இரும்பு உடல் வானுக்குள் பலகை அடித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தகரத்தின் உட்புறம் வியர்த்து உள்பலகை உக்கும். அதைக் கழற்றி மாற்றினால் சரி.)

ஊசி, உரிப்பு, உள்வெட்டு என்ற மூன்று திருத்த வழிகளில் எது பொருந்தும் என்பதை ஊதலின் அகலம் சொல்லாது, உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்பதுதான் சொல்லும். உட்புறமாக ஒரு குத்தூசியால் குத்திப் பாருங்கள். மரம் எதிர்த்து நின்றால் பிழைத்தது. ஊசி தானாக இறங்கினால் அந்த இடம் உக்கிவிட்டது. ஈரமானி கிடைத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை எந்தப் பசையையும் தொடக்கூடாது. 20ஐத் தாண்டினால் உக்கல் தொடர்வதற்கு இடமுண்டு.

ஊசி வழிதான் மலிவு, எல்லோருக்கும் ஆசை காட்டுவதும் இதுதான். ஊதிய இடத்தில் சிறு துளைகள் போட்டு, எபொக்சியை (இரு பாகமாகக் கலந்து இறுக விடும் பசை) சிரிஞ்சால் ஏற்றி, மேலே தட்டையான பலகை வைத்து முட்டுக் கொடுத்து ஒரு நாள் விட வேண்டும். மரம் உறுதியாகவும் காய்ந்தும் இருந்து, பசை மட்டும் விட்டிருந்தால் இது அருமையாக நிற்கும். உக்கிய மரத்தில் ஏற்றினால் எபொக்சி தூளைப் பிடித்துக்கொள்ளும், தூள் எதையும் பிடிக்காது. அடுத்த மாரிக்கு அதே இடம் மறுபடி உப்பும்.

படகுக்காரர்களிடம் எப்போதும் கையிருப்பில் இருப்பது பொலியெஸ்டர் ரெசின். விலை குறைவு, வேகமாக இறுகும். அதில் உள்ள ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும். சுவருக்குள் ஊற்றினால் நடுவில் குழிதான் மிஞ்சும். பழைய மரத்திலும் அது எபொக்சி அளவுக்கு ஒட்டாது, இறுகும்போது சுருங்கவும் செய்யும். எபொக்சி எத்தனை மடங்கு விலை என்றாலும் இந்த இடத்தில் மாற்று இல்லை. நுரைக்கும் பொலியுரேத்தேன் பசையும் வேண்டாம். அது விரியும்போது தோலை இன்னும் வெளியே தள்ளும்.

ஒரு கவனம்: எபொக்சி இறுகும் வேகம் வெப்பம் 10 பாகை கூடும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிக்கும். சித்திரை வெயிலில் பேணி நிறையக் கலந்தால் பேணிக்குள்ளேயே கொதித்து இறுகிவிடும். மெதுவாக இறுகும் கலவையை வாங்கி, விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

உரிப்பு வழியில் வெளித்தோலை முழுதாக அல்லது பாதியாகக் கழற்றி, அடியில் உள்ளதைச் சுரண்டி, புதுப் பிளைவுட் போட்டு மறுபடி ஒட்ட வேண்டும். சரியாகச் செய்தால் முடிவு அழகு. தொழிற்சாலையில் சுவர் முழுதும் ஒரே சீராக அழுத்தி ஒட்டுகிறார்கள். நம் கராஜில் அத்தனை அகலத்துக்கு அப்படி அழுத்தம் கொடுக்க வழியில்லை. கொன்டாக்ட் பசை என்றால் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், கோணலாக வைத்துவிட்டுத் திருத்த முடியாது. யன்னல், விளக்கு, ஓரப்பட்டி எல்லாம் கழற்ற வேண்டும். பழைய வண்டிக்குப் பட்டி உடைந்தால் இங்கே இன்னொன்று தேடுவதும் சிரமம். தோலே வெடித்துக் கிழிந்திருந்தால் ஒழிய இதில் இறங்க வேண்டியதில்லை.

என் தெரிவு உள்வெட்டு. அலுமாரியைக் கழற்றி, உட்பலகையை உக்கலுக்கு அப்பால் நல்ல மரம் தென்படும்வரை வெட்டி, ஈரம் குடித்த ரெஜிபோமை எடுத்து, தோலின் பின்புறத்தைச் சுத்தமாக்கி, அங்கே புதுப் பிளைவுட்டை எபொக்சியால் ஒட்டி, வெளியிலிருந்து பலகை முட்டுக் கொடுப்பது. நாள் எடுக்கும், கூலியும் ஏறும். ஆனால் வெளித்தோலைக் கழற்றாமலே எது உக்கியது, எது நல்லது என்று கண்ணால் பார்த்துச் செய்வது இதில் மட்டும்தான். சட்டமும் உக்கியிருந்தால் கூரைக்கு முண்டு கொடுத்துவிட்டுத் துண்டு துண்டாக மாற்றுங்கள், ஒரேயடியாகத் திறந்தால் சுவர் கோணும். பிளைவுட் தண்ணீரைத் தாங்கும் மரைன் வகைதானா என்று கடைக்காரரின் வாக்கை மட்டும் நம்பாமல், சிறு துண்டைச் சில மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். அடுக்குப் பிரிந்தால் அது வேண்டாம். தச்சு தெரிந்த எவரும் இந்த வேலையைச் செய்யலாம் என்பது இன்னொரு வசதி.

ஊதலுக்கு மேல் அலுமினியத் தகடு அடித்து மூடித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. அது திருத்தமே அல்ல. ஈரத்தைப் பூட்டி வைத்து உக்கலை வேகமாக்கும்.

எந்த வழியானாலும் நாள் பார்க்க வேண்டும். நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிவரை கொட்டுகிறது. அந்த மாதங்களில் வண்டியைத் தறப்பாளால் மூடி, கீழே காற்றோட விட்டுக் காத்திருங்கள். வைகாசி முதல் ஆவணிவரை வீசும் சோளகம் சுவரை உலர்த்தும் அளவுக்கு எந்த இயந்திரமும் உலர்த்தாது. கசூரினாக் கடற்கரையில் அடிக்கடி நிறுத்தும் வண்டி என்றால், திறந்த சட்டத்தை முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு தங்கிய மரம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். உவர்க் கிணற்று நீர் இதற்கு உதவாது.

ஒட்டுமுன் கசிவைக் கண்டுபிடியுங்கள். குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பிடித்துக்கொண்டு போக, உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மூட்டு என்று தெரிந்துவிடும். அந்த மூட்டில் இருக்கும் பழைய சிலிக்கனை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுங்கள், இறுகிய சிலிக்கன்மேல் புதுச் சிலிக்கன்கூடச் சரியாகப் பிடிக்காது. யன்னல் சட்டத்துக்குப் பியூட்டைல் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா), கூரை மூட்டுக்குப் பொலியுரேத்தேன் சீலன்ட். கசிவை அடைப்பதும் சுவரை ஒட்டுவதும் ஆவணி முடியுமுன் முடிந்திருக்க வேண்டும்.