ஃப்ளிப் 7 சீட்டாட்டம்: ஆள் நிறைந்த வீட்டுக்கு ஏற்றது

படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) சாந்திக்கும் (அறுபது, எண்பது வயது நிறைவு விழா) ஊர் திரும்புகிறவர்களால் செட்டிநாட்டு வீடுகள் நிறையும் நாட்களில், மதியச் சாப்பாட்டுக்கும் மாலைப் பலகாரத்துக்கும் இடைப்பட்ட பொழுதைப் போக்க எல்லோரும் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டு ஒன்று தேவைப்படுகிறது. ரம்மி என்றால் சிறுவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். தாயத்தில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்தால் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். எரிக் ஓல்சன் வடிவமைத்து, தி ஆப் கேம்ஸ் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஃப்ளிப் 7 இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஜெர்மனியின் ஸ்பீல் டெஸ் யாரெஸ் (‘ஆண்டின் விளையாட்டு’) விருதுக்கு 2025இல் இறுதியாகப் பரிந்துரைக்கப்பட்ட மூன்று விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. கானாடுகாத்தானில் நண்பர் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) எட்டுப் பேராக உட்கார்ந்து ஆடிய அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

சீட்டுக் கட்டில் மொத்தம் 94 சீட்டுகள். அவற்றில் 79 எண் சீட்டுகள், அவை பகிரப்பட்டிருக்கும் முறையில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது: 12 என்ற எண் பன்னிரண்டு சீட்டுகளில் வருகிறது, 11 பதினொரு சீட்டுகளில், இப்படியே குறைந்துகொண்டு வந்து 1 ஒரே ஒரு சீட்டில், அதோடு 0 ஒன்று. முறை வரும்போது இன்னொரு சீட்டு வேண்டுமா, இதுவே போதுமா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் எண்ணே மறுபடி வந்துவிட்டால் அந்தச் சுற்றில் சேர்த்தது அத்தனையும் போய்விடும். ஏழு வெவ்வேறு எண்கள் சேர்ந்துவிட்டால் 15 புள்ளி கூடுதலாகக் கிடைப்பதோடு சுற்றும் அங்கேயே முடிகிறது. யாராவது 200ஐத் தொட்ட சுற்றின் முடிவில் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் வென்றவர்.

ஆசை காட்டும் பெரிய எண்ணே ஆபத்தையும் கூட்டுகிறது என்பதை இதைவிட எளிமையாக ஒரு கட்டுக்குள் வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. புதுக் கட்டில் 12ஐ எடுத்தவருக்கு மீதமுள்ள 93 சீட்டுகளில் 11 சீட்டுகள் பகை. 12, 11, 10 மூன்றும் சேர்ந்துவிட்டால் 91இல் 30 பகையாகிவிடும், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 1ஐ வைத்திருப்பவருக்கோ அந்த எண்ணால் எந்த அச்சமும் இல்லை. 0 புள்ளி தராவிட்டாலும் ஏழில் ஒன்றாக எண்ணப்படுகிறது. சுற்று முடிந்த சீட்டுகளை உடனே கட்டில் சேர்க்காமல் தனியே வைத்து, கட்டு தீர்ந்த பிறகே கலைத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆகவே எது போயிற்று, எது இன்னும் உள்ளே இருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பவருக்கு அதற்கான பலன் உண்டு.

அந்தப் பலனை நண்பரின் தாயார் எங்களுக்குக் காட்டினார். அவர் முன்னால் 12, 9, 5, 3, 1, 0 என்று ஆறு சீட்டுகள் வரிசையாக இருந்தன, 30 புள்ளிகள். “ஆச்சி, போதும்னு சொல்லிடுங்க” என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் கிடந்த சீட்டுகளை நிதானமாகப் பார்த்துவிட்டு, “பன்னெண்டு பாதிக்கு மேல போயிருச்சுப்பா, இன்னொண்ணு போடு” என்றார். 6 விழுந்தது. முப்பத்தாறோடு பதினைந்து சேர்ந்து ஒரே சுற்றில் 51. ஆங்கிலம் படிக்காதவர், சீட்டையே விரும்பாத வீட்டில் வளர்ந்தவர். பணம் வைக்காத ஆட்டம் என்று உறுதியான பிறகுதான் உட்கார்ந்தார்.

மற்றவற்றில் ஒன்பது செயல் சீட்டுகள். ‘ஃப்ரீஸ்’ வந்தால் ஆட்டத்தில் இருக்கும் யாரையாவது நிறுத்திவிடலாம். அவருடைய புள்ளிகள் அழிவதில்லை, ஆனால் அந்தச் சுற்றில் மேலே ஆட முடியாது. ‘ஃப்ளிப் த்ரீ’ யாருக்குக் கொடுக்கப்படுகிறதோ அவர் அடுத்த மூன்று சீட்டுகளை எடுத்தே தீர வேண்டும். பெரிய எண்கள் ஐந்து வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் கேடாகவே முடியும். அப்போதுதான் தொடங்கியவருக்கோ பல நேரம் அதுவே உதவி. ‘செகண்ட் சான்ஸ்’ இரட்டை வரும்போது ஒரு முறை காப்பாற்றும். இவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தாலும், மூன்றே வகை என்பதால் ஒரு சுற்றிலேயே பழகிவிடும். மீதி ஆறும் புள்ளியைக் கூட்டும் அல்லது இரட்டிப்பாக்கும் சீட்டுகள். இவற்றின் கணக்கில்தான் தகராறு வருகிறது. இரட்டிப்புச் சீட்டு எண்களின் கூட்டலை மட்டுமே இரட்டிப்பாக்கும். +2 முதல் +10 வரையிலான கூட்டல் சீட்டுகளையும் அந்த 15ஐயும் அதற்குப் பிறகே சேர்க்க வேண்டும். இதைத் தெரிந்த ஒருவரிடமே பேனாவைக் கொடுத்துவிடுவது நல்லது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் சீட்டும் எல்லோர் கண்ணிலும் படும்படி வரிசையாகக் கிடக்க வேண்டிய ஆட்டம் இது. எட்டுப் பேருக்குப் பெரிய வட்டம் தேவை. வழவழப்பான ஆத்தங்குடிக் கல் தரையில் சீட்டின் ஓரம் நகத்துக்கு அகப்படுவதில்லை. முற்றத்துக் காற்று ஒரு முறை வீசினால் வரிசை கலைந்துவிடும். ஜமக்காளம் விரித்த பிறகு இரண்டு தொல்லையும் தீர்ந்தன. சீட்டுகள் விடாமல் கைமாறுவதால், மனகோலமும் சீப்புச் சீடையும் சாப்பிடும் கையைத் துடைத்துவிட்டு எடுப்பது நல்லது; எண்ணெய்க் கறை படிந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாலும் அடையாளம் தெரிந்துவிடும், பிறகு ஆட்டமே கெட்டுவிடும்.

ரம்மியைப் போல வந்த சீட்டைக் கொண்டு திட்டமிட்டு வெல்ல விரும்புகிறவர்களுக்கு இது நிறைவு தராது; கணக்குப் பார்ப்பதற்கு இடம் உண்டென்றாலும் முடிவில் சீட்டு விழுகிற விதம்தான் பெரிது. விதிப்படி மூவர் போதும். ஆனால் மூவர் ஆடும்போது கண்ணில் படும் சீட்டு குறைவு, ஃப்ரீஸும் திரும்பத் திரும்ப அதே இருவருக்குத்தான் போகும். ஆறு முதல் எட்டுப் பேர் கூடும் வீட்டார் தயங்காமல் வாங்கலாம். இரண்டு மூன்று பேர் மட்டும் இருக்கும் வீட்டில், பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்வரை வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.