முகமுடிக்கு ஸ்பைரனோலக்டோன்: ஐந்துக்கு மூன்றரை

நாடியிலும் மேலுதட்டிலும் கறுப்பாய்த் தடித்த முடி, ஒழுங்கில்லாத மாதவிடாய், ஸ்கேனில் பிசிஓஎஸ் (சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகளோடு வரும் ஹார்மோன் குழப்பம்). இந்த மூன்றும் உள்ள மட்டக்களப்புப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் கஸ்தூரி மஞ்சளைப் பூசிக்கொண்டு சந்தோசமாக இருங்கள்.

தோல் டொக்டர் எனக்கு எழுதியது ஸ்பைரனோலக்டோன் 25 மில்லிகிராம், காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு, இரண்டு வேளையும் சாப்பாட்டோடு. மலிவான குளிசை, பழைய மருந்து. துண்டை நீட்டினால் பாமசியில் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்கு, அப்பாவுக்கா?" அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1950களின் கடைசியில் இது வந்ததே உடம்பில் நீர் தேங்குவதற்குத்தான். இதயம் பலவீனப்பட்டுக் கால் வீங்கியவர்களும் ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டியவர்களும்தான் இன்றைக்கும் இதை அதிகம் எடுக்கிறார்கள். அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும், இந்தக் குளிசை அதன் இடத்தில் போய் உட்கார்ந்து உப்பையும் நீரையும் வெளியே அனுப்பிவிடும்.

அப்படியென்றால் முகமுடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இந்த மருந்து அல்டோஸ்டிரோனின் இடத்தோடு நிற்பதில்லை, ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரஜன்கள் போய் ஒட்டும் ஏற்பியிலும் ஒட்டிக்கொள்ளும். இதயத்துக்காக இதை எடுக்கும் வயதான ஆண்கள் சிலருக்கு மார்பு நொந்து வீங்கும், வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தும் விடுவார்கள் (உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அப்படி இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், எப்ளரினோன் என்று இந்தத் தொல்லை குறைந்த மாற்று மருந்து இருக்கிறது). அவருக்குப் பக்கவிளைவாக வரும் அதே குணம்தான் எனக்கு மருந்து.

ஆண் ஹார்மோன் என்று பேர் இருந்தாலும் பெண்களின் சூலகத்திலும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் அது கொஞ்சம் சுரக்கத்தான் செய்கிறது. பிசிஓஎஸ் இருந்தால், கூடிப்போன இன்சுலின் சூலகத்தைத் தூண்டி இன்னும் சுரக்கவைக்கும். அதோடு, டெஸ்டோஸ்டிரோனைக் கட்டி வைத்திருக்கும் இரத்தப் புரதத்தையும் குறைத்துவிடுவதால் கட்டில்லாமல் திரியும் ஹார்மோன் கூடுகிறது. அது தோலுக்கு வந்ததும் அங்குள்ள ஒரு நொதியால் டிஎச்டி என்ற இன்னும் பலமான ஒன்றாக மாறி, பூனைமுடியைத் தாடிமுடியாக்கிவிடும். குளிசை சுரப்பதை நிறுத்துவதில்லை, முடிவேரில் ஒட்டவிடாமல் பெரும்பாலும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மருந்து வேலை செய்யும்போதும் இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் குறையாமலே இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து குளிசையை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, ஆனால் ஆமை வேகம். பரு முதலில் அடங்கியது. முடிக்கு ஆறு மாதமாவது வேண்டும் என்று டொக்டர் ஆரம்பத்திலேயே சொன்னார், ஏனென்றால் இப்போது வளர்ந்து நிற்கும் முடி தன் காலம் முடிந்து விழுந்து, அடுத்தது மெல்லியதாக முளைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஏற்கனவே தடித்துவிட்ட வேர்கள் எல்லாம் பழையபடி திரும்பாது. நான் இப்போதும் த்ரெடிங் போகிறேன், முன்பை விட எவ்வளவோ குறைவாக. குளிசையை நிறுத்தினால் மெதுவாகத் திரும்ப வரும் என்பதும் உண்மை. ஒன்றரைப் புள்ளி குறைத்தது இதற்காகத்தான்.

தொல்லைகளும் உண்டு. அடிக்கடி சலம் போகும், இரண்டாவது வேளையை இரவில் எடுத்தால் நித்திரை போய்விடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் திரிந்தால் எழும்பும்போது தலை சுற்றும். இடையிடையே இரத்தப்பட்டது, மார்பு கொஞ்சம் நொந்தது. பொட்டாசியம் கூடலாம் என்பதால் செவ்விளநீரை அளவோடு வைத்திருக்கிறேன். சிறுநீரகம் நல்லாக இருக்கும் இளம்பெண்களுக்கு அது ஆபத்தான அளவுக்குக் கூடுவது அரிது, ஆனாலும் தொடங்கும்போது ஒருதரம் இரத்தம் சோதித்துப் பார்த்தார்கள்.

பெரிய விஷயம் கர்ப்பம். வயிற்றில் ஆண் பிள்ளை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியை இந்த மருந்து குழப்பக்கூடும், அதனால் கர்ப்பத்தடைக் குளிசையும் சேர்த்தே எழுதினார். கல்யாணமாகாத பிள்ளையின் அலுமாரியில் அந்தப் பெட்டியைக் கண்டால் எங்கள் ஊர் வீடுகளில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அது மாதவிடாயை ஒழுங்காக்கும், சூலகம் ஆண்ட்ரஜன் சுரப்பதைக் குறைக்கும், கட்டிவைக்கும் புரதத்தைக் கூட்டும் என்று அவர் விளக்கியதும் பிரச்சினை முடிந்தது.

எங்கள் வீட்டில் பகிடி என்னவென்றால், தம்பி தலைமுடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம் எடுக்கிறான். என் நாடியில் முடியை வளர்க்கும் அதே டிஎச்டிதான் அவன் உச்சந்தலையை வெளிக்கவைக்கிறது. அவன் மருந்து ஏற்பியைத் தொடாது, டிஎச்டியை உருவாக்கும் நொதியைத்தான் நிறுத்தும். ஒருவர் குளிசையை மற்றவர் எடுக்கிற வேலை வேண்டாம். உடைந்த ஃபினாஸ்டரைட்டைக் கர்ப்பிணிகள் கையால் தொடவே கூடாது. அதை எடுப்பவருக்கு பாலியல் ஆசை குறைந்தாலோ மனம் சோர்ந்தாலோ, தற்கொலை எண்ணம் வந்தாலோ உடனே டொக்டரிடம் போகவேண்டும். ஐரோப்பிய மருந்து அதிகாரசபையே 2025இல் தற்கொலை எண்ணத்தைப் பக்கவிளைவு என்று உறுதிப்படுத்தியிருக்கிறது.

டவுனில் ஒரு கடையில் துண்டே கேட்காமல் ஒரு மாதக் குளிசையை எண்ணித் தந்தார்கள். அங்கே திரும்பப் போகவில்லை. கல்லடிப் பக்கம் நான் இப்போது வாங்கும் சின்னப் பாமசியில் இருக்கும் அக்கா ஒவ்வொரு முறையும் வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒருதரம் சலக்கடுப்புக்கு வேறோர் இடத்தில் கோ-ட்ரைமோக்சசோல் என்ற அன்டிபயோட்டிக் எழுதித் தந்திருந்தார்கள், அதுவும் பொட்டாசியத்தைக் கூட்டும், இரண்டையும் சேர்க்காதே என்று எழுதியவரிடமே திருப்பி அனுப்பி மாற்றவைத்தது இவர்தான். லோசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசைகளுக்கும் இதே கதைதான், ஆகவே எந்த டொக்டரிடம் போனாலும் இந்தத் துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.