டுகாகிஸை வீழ்த்திய சந்தேகம் ஒபாமாவிடம் ஏன் எடுபடவில்லை?

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஒரு தாராளவாதியை நிறுத்தினால் பழமைவாதிகள் கேட்கும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. தேசப்பற்று உண்டா? குற்றவாளிகளிடம் இளகிவிடுவாரா? வரி என்ற பெயரில் நம் சட்டைப்பையில் கைவிடுவாரா? ராணுவத்தை நடத்தத் தெரியுமா? இத்தனைக்கும் அடியில் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கும்: இவர் நம்மில் ஒருவர்தானா?

1988இல் மைக்கேல் டுகாகிஸிடமும் 2008இல் பராக் ஒபாமாவிடமும் கேட்கப்பட்டவை ஏறக்குறைய இவையேதான். முன்னவர் 40 மாநிலங்களை இழந்து 111 தேர்வாளர் வாக்குகளோடு (மாநிலவாரியாகக் கிடைக்கும் இவைதான் அதிபரைத் தீர்மானிக்கும்) வீட்டுக்குப் போனார். பின்னவர் 365 வாக்குகளோடு வெள்ளை மாளிகைக்குப் போனார். ஒபாமா நல்ல பேச்சாளர், டுகாகிஸ் வறண்ட ஆள், அவ்வளவுதானே என்று முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி சந்தேகப்பட்டவர்கள் நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது என்பது என் வாதம்.

'லிபரல்' (தாராளவாதி) என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் அதைப் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். எண்பதுகளில் அதிபர் ரீகனின் குடியரசுக் கட்சி அதை வசைச்சொல் ஆக்கிவிட்டது. முழுதாகச் சொல்லவே நாக்கூசுவதுபோல 'எல் எழுத்துச் சொல்' என்று கிண்டலடித்தார்கள். டுகாகிஸ் அதைத் தொடவே பயந்தார். "இந்தத் தேர்தல் சித்தாந்தத்தைப் பற்றியது அல்ல, திறமையைப் பற்றியது" என்று அட்லாண்டா கட்சி மாநாட்டில் அறிவித்தார். "ஆமாம், ரூஸ்வெல்ட், ட்ரூமன், கென்னடி வழிவந்த லிபரல்தான் நான்" என்று அவர் ஒப்புக்கொண்டது அக்டோபர் 30ஆம் தேதி. வாக்குப்பதிவுக்கு மிச்சம் இருந்தது ஒன்பது நாள். ஜூலை மாதக் கருத்துக்கணிப்பில் அவர் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார் என்பதை இன்று சொன்னால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

கொடியும் விசுவாசமும்

மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த டுகாகிஸ், 1977இல் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். பள்ளியில் ஆசிரியர்கள் தினமும் கொடி உறுதிமொழியை மாணவர்களோடு சொல்லியே தீர வேண்டும் என்றது அந்த மசோதா. அரசமைப்புச் சட்டப்படி இது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லியிருந்தது. அதைக் கேட்டு நடந்தார் ஆளுநர், அவ்வளவுதான். பதினோரு ஆண்டுகள் கழித்து, எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ் (தந்தை புஷ்) அதையே ஆயுதமாக எடுத்தார். பொதுக்கூட்டங்களில் உறுதிமொழி சொல்லவைத்தார். கொடி தைக்கும் தொழிற்சாலைக்கே போய்வந்தார். டுகாகிஸ் தரப்பின் பதில் சட்ட விளக்கமாக இருந்தது. கொடியைப் பற்றிய கேள்விக்கு யாராவது நீதிமன்றக் கருத்துரையைப் படித்துக் காட்டுவார்களா? அவர் காட்டினார்.

ஒபாமா விஷயத்தில் இது இன்னும் சின்னது. சட்டையில் அமெரிக்கக் கொடி பொறித்த ஊசி குத்துவதில்லை என்று 2007 அக்டோபரில் சொன்னார். அதற்கே தொலைக்காட்சிகளில் வாரக்கணக்கில் பேச்சு. 2008இல் ஊசி மெல்ல மெல்ல அவர் கோட்டில் வந்து உட்கார்ந்தது. கொள்கை விளக்கமெல்லாம் இல்லை. எந்த இடத்தில் பிடிவாதம் பிடிப்பது, எதைக் கைவிடுவது என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் சந்தர்ப்பவாதம்தான், ஆனால் வேலை செய்தது.

ஹார்ட்டனும் ரைட்டும்

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் உண்மையில் இதுதான்.

மாசசூசெட்ஸில் கைதிகளுக்குச் சில நாள் சிறைவிடுப்பு கொடுக்கும் திட்டம் இருந்தது. நம்மூர் பரோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தொடங்கிவைத்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபிரான்சிஸ் சார்ஜென்ட், ஆண்டு 1972. கொலைக் குற்றவாளிகளுக்கு இது கூடாது என்று சட்டமன்றம் 1976இல் மசோதா கொண்டுவந்தபோது டுகாகிஸ் அதற்கு ஒப்புதல் தரவில்லை. ஆயுள் கைதியான வில்லி ஹார்ட்டன் 1986இல் விடுப்பில் போய்த் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து ஆணைக் கத்தியால் குத்தினார், பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார். டுகாகிஸ் மீது இந்த விஷயத்தில் எழுந்த கேள்வி நியாயமான கேள்வி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பரோலே கிடையாது என்று தண்டிக்கப்பட்டவரை எந்த நம்பிக்கையில் வெளியே அனுப்பினீர்கள்? உள்கட்சிப் போட்டியில் இதை முதலில் கிளப்பியவரே ஜனநாயகக் கட்சியின் அல் கோர்தான்.

ஆனால் புஷ்ஷின் பிரசார மேலாளர் லீ அட்வாட்டருக்கு நியாயமான கேள்வி மட்டும் போதவில்லை. நியூ ஜெர்சியின் பராமஸ் நகரில், முன்பு ரீகனுக்கு ஓட்டுப் போட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலரை உட்காரவைத்து உறுதிமொழி விவகாரத்தையும் சிறைவிடுப்பையும் சொன்னார்கள். அவர்கள் மனம் மாறுவதைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து புஷ்ஷின் ஆட்கள் பார்த்தார்கள். அதன்பிறகு நிற்கவில்லை. ஹார்ட்டனின் முகத்தைப் போட்டு வந்த தொலைக்காட்சி விளம்பரம் புஷ்ஷை ஆதரித்த ஒரு வெளி அமைப்பு எடுத்தது. புஷ்ஷின் சொந்த விளம்பரத்தில் ஹார்ட்டன் பெயரில்லை, சுழல்கதவு வழியாக உள்ளே போய் உடனே வெளியே வரும் கைதிகள் மட்டும். கறுப்பினக் குற்றவாளி, வெள்ளையினப் பெண் என்று சேரும்போது அமெரிக்காவில் எந்த அச்சம் தலைதூக்கும் என்று யாரும் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூளைக்கட்டியால் 1991இல், நாற்பது வயதில் இறப்பதற்குச் சற்று முன் அட்வாட்டரே தன் 'அப்பட்டமான கொடூரத்துக்காக' மன்னிப்புக் கேட்டார்.

டுகாகிஸ் என்ன செய்தார்? வாரக்கணக்கில் பேசாமல் இருந்தார். இப்படிப்பட்ட சேறுக்குப் பதில் சொன்னால் தரம் தாழ்ந்துபோகும் என்பது அவர் எண்ணம். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வாக்காளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. ரீகன் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்தபோதும் சிறைவிடுப்பு இருந்தது என்ற ஒரு வரியை ஆகஸ்டிலேயே உரக்கச் சொல்லியிருந்தால்கூடக் கதை கொஞ்சம் மாறியிருக்கும். கடைசியில் அக்டோபர் 13 விவாதம். உங்கள் மனைவி பலாத்காரம் செய்து கொல்லப்பட்டால் கொலையாளிக்கு மரண தண்டனை கேட்பீர்களா என்று முதல் கேள்வியே போட்டார் நெறியாளர் பெர்னார்ட் ஷா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், மரண தண்டனையை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்துப் புள்ளிவிவரத்துக்குப் போய்விட்டார் டுகாகிஸ். கொள்கையில் உறுதி, சரி. ஆனால் மனைவியைப் பற்றிய கேள்வி அது.

ஒபாமாவுக்கு வந்த ஹார்ட்டன், பாதிரியார் ஜெரமையா ரைட். ஒபாமா சுமார் இருபது ஆண்டுகளாகப் போய்வந்த சிகாகோ தேவாலயத்தின் போதகர். அமெரிக்காவைக் கடவுள் சபிக்கட்டும் என்று அவர் பிரசங்க மேடையில் முழங்கிய காட்சி 2008 மார்ச்சில் எல்லா சேனல்களிலும் ஓடியது. இதிலும் பழமைவாதிகளின் கேள்வி சொத்தை இல்லை. இருபது வருடம் இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மனதில் என்னதான் இருக்கிறது? அட்வாட்டர் பள்ளியில் படித்தவர்கள் கொண்டாடியிருக்க வேண்டிய சரக்கு.

ஒபாமா ஒரு வாரம்கூடக் காத்திருக்கவில்லை. மார்ச் 18, ஃபிலடெல்ஃபியா. சுமார் 37 நிமிடம் இனத்தைப் பற்றிப் பேசினார். ரைட்டின் சொற்களைக் கண்டித்தார், மனிதரைக் கைவிடவில்லை. தெருவில் கறுப்பின ஆண்களைக் கண்டால் பயந்ததாகத் தன் வெள்ளையினப் பாட்டியே சொன்னதைச் சொன்னார். கறுப்பர்களின் கோபமும் வெள்ளைத் தொழிலாளிகளின் கோபமும் எங்கிருந்து வருகின்றன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சந்தேகப்பட்டவரை முட்டாள் என்று சொல்லாமல் பதில் சொன்ன பேச்சு அது. (அடுத்த மாதமே ரைட் மறுபடி வாயைத் திறந்ததும் உறவை அறுத்துக்கொண்டார். மனிதரைக் கைவிட மாட்டேன் என்ற வாக்கின் ஆயுள் சுமார் ஆறு வாரம்.) வதந்திகளுக்குப் பதில் சொல்லவே ஜூனில் தனி இணையதளம் திறந்தது அவர் தரப்பு. டுகாகிஸ் பட்ட அடி கட்சி முழுவதற்கும் பாடமாகியிருந்தது.

அந்தப் பாடத்தின் கோரமான வடிவமும் உண்டு. 1992 ஜனவரியில், நியூ ஹாம்ப்ஷயர் பிரசாரத்தின் நடுவில், ஒரு மரண தண்டனையை நிறைவேற்றுவதற்காகவே, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த அர்க்கன்சாஸ் ஆளுநர் பில் கிளிண்டன் தன் மாநிலத்துக்குத் திரும்பினார். தண்டிக்கப்பட்டவர் மூளை சிதைந்தவர். கடைசி உணவில் இருந்த இனிப்பை 'அப்புறம் சாப்பிடுவேன்' என்று எடுத்துவைத்தாராம்.

அளவுகோலை யார் உடைத்தது?

ஒபாமாவைப் பற்றிய சந்தேகங்களில் எனக்கு மிகக் கனமாகத் தெரிவது அனுபவமின்மை. செனட்டுக்கு வந்தது 2005 ஜனவரியில். அங்கே ஒரு பதவிக்காலம்கூட முடியவில்லை. எந்த மாநிலத்தையும் ஆண்டதில்லை. பெர்லினில் ஜூலையில் சுமார் 2 லட்சம் பேர் கூடியதைப் பார்த்து, பிரிட்னி ஸ்பியர்ஸ் மாதிரி ஒரு பிரபலம், ஆளத் தயாரா என்று விளம்பரம் போட்டது குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் அணி. கிண்டல்தான், ஆனால் கேள்வி சரியான கேள்வி.

பிறகு ஆகஸ்ட் 29. மெக்கெய்ன் தன் துணை அதிபர் வேட்பாளராக அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினை அறிவித்தார். பதவிக்கு வந்து இரண்டு வருடம் ஆகாதவர். மெக்கெய்னுக்கு அன்றுதான் 72 வயது முடிந்தது. அனுபவம் போதாது என்று மாதக்கணக்கில் சொன்னவர், தனக்கு அடுத்த இடத்தில் யாரை வைத்தார் பாருங்கள். கட்சித் தொண்டர்கள் குதூகலித்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் சில கணிப்புகளில் மெக்கெய்ன் முந்தவும் செய்தார். ஆனால் அளவுகோலை ஒடித்தவர் அளவு சொல்ல முடியாது. செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானது. அதே நாளில், பொருளாதாரத்தின் அடிப்படை பலமாகத்தான் இருக்கிறது என்றார் மெக்கெய்ன். ஒன்பது நாள் கழித்துப் பிரசாரத்தையே நிறுத்திவைப்பதாக வாஷிங்டன் ஓடினார். நிதானமாக இருந்தவர் யார், அனுபவசாலி யார் என்று பார்த்தவர்களுக்குக் குழப்பம் வந்தது.

லீமன் விழாமல் இருந்திருந்தால்? பொருளாதாரம்தான் தீர்ப்பு எழுதியது என்று சொல்பவர்களோடு நான் பெரிதாகச் சண்டை போட மாட்டேன். 1988இல் ஆளும் கட்சிக்கு அமைதியும் வளர்ச்சியும் துணை இருந்தன, 2008இல் ஈராக்கும் வங்கிச் சரிவும் பாரமாக இருந்தன. ஆனால் அதே பழமைவாத முகாமிலிருந்து ஆட்கள் கிளம்பிப் போனதை வங்கிக் கணக்கு மட்டும் விளக்காது. 'நேஷனல் ரிவியூ' என்ற பழமைவாத இதழை நிறுவிய வில்லியம் பக்லியின் மகன் கிறிஸ்டஃபர் பக்லி அக்டோபரில் ஒபாமாவை ஆதரித்து எழுதினார். அந்த இதழிலேயே அவர் எழுதிவந்த பத்தி போனது. அக்டோபர் 19 அன்று, இளைய புஷ்ஷின் வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவல் ஒபாமா பக்கம் வந்தார். பேலின் அதிபர் பொறுப்புக்குத் தயாரில்லை என்றார். ஒபாமா முஸ்லிம் என்று கிசுகிசுப்பதைப் பற்றி, முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்று கேட்டார். டுகாகிஸ் பக்கம் இப்படி ஒரு பழைய அமைச்சரும் வரவில்லை.

கேட்காமல் விட்டவை

என் குறை இதில்தான். ஒபாமாவின் பணப்பெட்டியைப் பற்றிப் பழமைவாதிகள் கேட்டது நியாயம். அரசுத் தேர்தல் நிதியைப் பெற்று அதன் வரம்புக்குள் நிற்பேன் என்று சொல்லியிருந்தவர், நன்கொடை கொட்டுவதைப் பார்த்ததும் 2008 ஜூனில் பின்வாங்கினார். மெக்கெய்ன் 8.4 கோடி டாலரில் கட்டுண்டு கிடக்க, ஒபாமா செப்டம்பரில் மட்டும் 15 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்க மாட்டேன் என்று உள்கட்சிப் போட்டியில் ஹிலாரி கிளிண்டனோடு மல்லுக்கட்டியவர், 2010இல் கட்டாயத்தோடுதான் சட்டம் கொண்டுவந்தார். ஒரு குடும்பத்தின் காப்பீட்டுச் செலவு ஆண்டுக்கு 2,500 டாலர் குறையும் என்ற வாக்குறுதி வந்து சேரவில்லை. கொள்கையைப் பிடித்துக் கேட்டிருக்க இவ்வளவு இருந்தது. 'செல்வத்தைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் நல்லது' என்று ஒஹையோவில் ஒரு குழாய்ப் பணியாளரிடம் ஒபாமா சொன்னதை மெக்கெய்ன் பிடித்தார், ஆனால் அப்போது அக்டோபர் பாதி தாண்டிவிட்டது. அதற்கு முன் கூட்டங்களில் பேலின் பேசிக்கொண்டிருந்ததோ, 'தீவிரவாதிகளோடு திரிகிறவர்' என்று.

1988இல் தாராளவாதியைச் சந்தேகித்த அதே கண்கள் சொந்த வேட்பாளரைப் பார்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். "என் உதடுகளைப் பாருங்கள், புதிய வரி கிடையாது" என்று நியூ ஆர்லியன்ஸில் முழங்கிய புஷ், 1990இல் வரியை உயர்த்தினார்.

2008 அக்டோபர் 10, மினசோட்டாவின் லேக்வில். மெக்கெய்ன் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரபு என்றார். மெக்கெய்ன் மைக்கை வாங்கிக்கொண்டார். "இல்லையம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், குடிமகன், அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இருக்கிறது, அவ்வளவே" என்றார். அதே கூட்டத்தில் இன்னொருவரிடம், ஒபாமா அதிபரானால் பயப்படத் தேவையில்லை என்று சொன்னபோது, சொந்தக் கட்சிக்காரர்களே அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். நவம்பர் 4 இரவு ஃபீனிக்ஸில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒபாமாவின் பெயரைச் சொன்னபோதும் அதே கூச்சல் எழுந்தது. கையை உயர்த்தி, அடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் அவரால் அடுத்த வரிக்குப் போக முடிந்தது.