சேலம் ஜில்லாவில் ஒரு அத்தை

இந்தத் தடவை ஊருக்குப் போனது மாம்பழத்துக்காக இல்லை. தாத்தாவுக்கு ஓர் அத்தை இருந்தாராம். கேட்டால் 'கிணத்துல விழுந்துட்டா' என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பாட்டி மட்டும் ஒருமுறை 'நேட்டாலுக்குப் போனவ' என்று வாய் தவறிச் சொன்னார்.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தக் கப்பல் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. லண்டனில் உட்கார்ந்து இரண்டு வருடம் துழாவியும் அத்தை சிக்கவில்லை.

காவேரிப்பட்டணத்தில் இ-சேவை மையத்துப் பெண் ஐந்தே நிமிடத்தில் எங்கள் நிலத்தின் அ-பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் இருப்பது இன்றைய பட்டாதாரர் பெயர்தான். பழைய பதிவேடு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தேன். ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருப்பவர் மூன்று நாளும் லீவு. சரி, குலதெய்வக் கோயிலிலாவது பார்ப்போம் என்று போனேன். பூசாரி தகரப் பெட்டியிலிருந்து, குடும்பத் தலைக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் தலைக்கட்டு வரி நோட்டை எடுத்தார். பங்காளிகள் அத்தனை பேரும் இருந்தார்கள், ஆண்கள் மட்டும். என் அம்மா பெயரே அதில் கிடையாது, அத்தை எங்கே இருப்பார்?

வழி சொன்னவர் ஒரு பழைய கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. 1980-ல் அந்தப் பதவியை ஒழிக்கும்வரை வேலையில் இருந்தவர். திண்ணையில் என் போனை எட்ட வைத்துப் பார்த்தார்.

"ஜில்லா என்னான்னு போட்டே?"

"கிருஷ்ணகிரிங்க."

"அது 2004-ல பொறந்த மாவட்டம்பா. தர்மபுரியே 1965-லதான். அப்போ எல்லாம் சேலம் ஜில்லா."

இரண்டு வருடமும் இது எனக்குத் தோன்றவில்லை. சேலம் என்று போட்டதும் வரிசை வரிசையாக வந்தது. ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். ஒன்றில் நிறுத்தினார். எங்கள் ஊர்ப் பெயரின் கடைசி 'அள்ளி'யை எந்தக் குமாஸ்தாவோ 'ஹுல்லி' ஆக்கி வைத்திருந்தார்.

அத்தைக்கென்று தனி எண். வயது 22. தகப்பன் பெயர், தாத்தாவின் தாத்தா பெயரேதான். அங்க அடையாளம்: வலது முன்கையில் பச்சை. கணவன் என்று யாரும் இல்லை. நம்மூர்க் காகிதம் எதிலும் இடமில்லாதவருக்குக் கூலிக்கு ஆள் பிடித்தவன் காகிதத்தில் ஒரு முழு வரி.

மறுநாள் பூசாரியிடம் அத்தை பேரில் வரி எழுதச் சொன்னேன். "பொம்பளைங்களுக்குத் தலைக்கட்டு ஏதுங்க?" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார், ரசீது என் பெயருக்கு வந்தது.