இருபது வளைவு இறங்கிய பிரேக்: கீச்சுச் சத்தத்தோடு ஆறு வருடம்

கார் வாங்கி ஆறு வருடம் ஆகிறது, 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு சேலம் அஸ்தம்பட்டியில். மாமனாருக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருப்பதால் மாதம் மூன்று தடவையாவது ஏற்காடு ஏறி இறங்குவேன். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக் வைத்த சாதாரணச் சின்ன வண்டி. எஞ்சின் ஒரு நாளும் படுத்தியதில்லை. மானத்தை வாங்கியது பிரேக்தான்.

எல்லாச் சத்தமும் ஒரே சத்தம் இல்லை என்பது புரியவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது. மழை பெய்த மறுநாள் காலை முதல் நாலைந்து மிதிக்குக் கரகரவென்று வந்து அடங்கினால், அது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் ராத்திரி ஏறிய துரு. விட்டுவிடலாம். ஒரு தடவை பிரேக்கைத் தொடாமலே தகரம் உரசுவது போல விடாமல் இரைந்தது. டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவில் பட்டாணி அளவு ஜல்லி மாட்டியிருந்தது. ரிவர்ஸில் கொஞ்சம் போய் முன்னால் வந்ததும் விழுந்துவிட்டது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கும் பட்டைதான் பேடு. சில பேடுகளில் சின்ன எஃகு நாக்கு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்த ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மலைப் பக்கமே போகக் கூடாது.

என் தலைவலி இது எதுவுமே இல்லை. இறக்கத்தில், வளைவுக்கு முன் மெதுவாக மிதித்தால் மட்டும் இடது முன் சக்கரத்தில் உச்சஸ்தாயியில் ஒரு கீச்சு. அழுத்தி மிதித்தால் நின்றுவிடும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் குரங்குகள் திரும்பிப் பார்த்தன.

முதலில் போன கடையில் பேடு மாற்றினார்கள், 2,400 ரூபாய். மூன்று வாரம் நிம்மதி, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த கடையில் பேடை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார்கள். அது பத்து நாள் தாங்கியது. கரட்டுப் பக்கம் பறக்கும் மாக்னசைட் (வெள்ளைக்கல்) தூசிதான் காரணம் என்று நண்பர் ஒருவர் சாதித்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார். பிரேக்கில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது, பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அவரிடம் அதைச் சொல்லி வாதாடவில்லை.

கடைசியில் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு மரத்தடிப் பட்டறை. அங்கிருந்த அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பேடையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப் பேடு ஏழெட்டு மில்லிமீட்டர் இருந்தது. உள் பேடு நாலுகூட இல்லை, அதுவும் ஒரு ஓரம் சரிந்து தேய்ந்திருந்தது.

"பேடு மேல பழி போடாதீங்க தம்பி. இந்தப் பின்னை ஆட்டிப் பாருங்க."

பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வது இரண்டு கைடு பின்களின் மேல்தான். மேலே இருந்தது விரலுக்கு நழுவியது. கீழே இருந்ததை இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. பிஸ்டன் உள் பேடைத் தள்ளும்போது காலிப்பர் நகர்ந்து வெளிப் பேடையும் இழுத்து அமுக்க வேண்டும். இங்கே நகரவே இல்லை. அதனால் உள் பேடு மட்டும் கோணலாக உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஈரக்கையால் எவர்சில்வர் தட்டைத் தேய்த்தால் கீச்சிடுமே, அதே கதைதான்: பேடு ஒட்டி ஒட்டி வழுக்க, டிஸ்க் தட்டு போல அதிர்கிறது.

அந்தக் கீழ் கைடு பின் ஏன் இறுகியது? முன்பு யாரோ அதற்குச் சாதாரண கிரீஸ் பூசியிருக்கிறார்கள். அதில் ரப்பர் புஷ் ஊதிப் பருத்துவிட்டது. போதாததற்கு, பேடின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய ஷிம் தகடும் காணோம். முதல் கடையில் பழைய பேடோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டும். அதிர்வை வாங்கிக்கொள்வதே அந்தத் தகட்டின் வேலை. இதையெல்லாம் பார்க்காமல் மாற்றினால் ஆயிரம் பேடு மாற்றினாலும் கத்தும்.

புது ரப்பர், பிரேக்குக்கென்று வரும் சிலிகான் கிரீஸ், ஷிம், கிளிப், புது பேடு. பேடின் காதுகள் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷால் சுரண்டினார். டிஸ்க்கின் கனத்தையும் அளந்து, அதில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருந்ததால் லேத்துக்கு அனுப்பவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 3,900 ரூபாய். மறுநாள் விடிகாலை பைபாஸில், பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, அறுபதிலிருந்து பத்து வரை வேகத்தைக் குறைப்பதும் மறுபடி எடுப்பதுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டச் சொன்னார். நடுவில் முழுசாக நிறுத்தி மிதித்துப் பிடிக்கக் கூடாதாம்; சூட்டில் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் படிந்துவிடும்.

என் பங்குத் தப்பும் உண்டு. மூன்றாவது கியரில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கும் ஆள் நான். ஏற்காட்டிலிருந்து சேலம் வர ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்க வேண்டும். ஒரு டன் வண்டிக்குக் கணக்குப் போட்டால் மூன்று யூனிட் மின்சாரத்துக்கு மேல், அதாவது 2 கிலோவாட் கீசர் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற சக்தி. அதில் பெரும்பங்கைச் சூடாக நான் அந்த நாலு பேடின் தலையில் கட்டியிருக்கிறேன். அந்தச் சூட்டில் பேடின் முகம் கண்ணாடி போல வழவழத்துப் போகும்; உப்புத்தாள் பத்து நாள் வேலை செய்ததும் அதனால்தான். இப்போது இரண்டாவது கியர்தான், பிரேக்கை இடையிடையே மட்டும் மிதிக்கிறேன். ஈரம் வாங்கிய பிரேக் ஆயில் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் அதையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

இதெல்லாம் நடந்தது 52,000 கிலோமீட்டரில். போன மாதம் கழற்றிப் பார்த்தபோது இடது பக்கம் உள் பேடும் வெளிப் பேடும் ஆறு ஆறு மில்லிமீட்டர். மழைக்கால மறுநாள் கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பின் டிரம்மிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது புதிதாக ஒரு முனகல் வருகிறது. உள்ளே தூசி சேர்ந்திருக்கும் என்கிறார் அண்ணன். அடுத்த வாரம் கழற்றப்போகிறார்.